லைனுக்கு எந்தப் பக்கம்?

நைனா,

இன்று காலை ரோலிங் செக்‌ஷன் வழியாக வந்தேன். ஒருவன் ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு பழுத்த கம்பியை இடுக்கியால் இழுத்துக்கொண்டிருந்தான். துண்டு கருகும் வாடை. ஷிப்ட் முடிந்து நீ வீட்டுக்குள் நுழையும்போது வருமே, அதே வாடை.

வேலை கேட்டு நீ முதன்முதலில் இந்த இரும்புக் கம்பெனி வாசலில் நின்றபோது ஃபோர்மேன் உன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "லைனுக்கு எந்தப் பக்கம்பா?" என்றுதான் கேட்டாராம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் நம் காலனி. ஊர்க்காரர்களுக்கு நிரந்தர வேலை, நமக்குக் காண்ட்ராக்ட். சாகும்வரை நீ காண்ட்ராக்ட்தான்.

அந்த ஃபோர்மேனுடைய தம்பியும் நீயும் ஒரே உலை முன்னால்தான் நின்றீர்கள். அவர்கள் வீட்டில் மாடி எழும்பியது. நம் வீட்டுக் கூரை ஓட்டையைக் கம்பெனிச் சாக்கு அடைத்தது. ஆயுத பூஜைக்கு அவர்களுக்கு ஸ்வீட் பெட்டியும் எவர்சில்வர் குடமும் கொடுத்தார்கள், நீ பொரிப் பொட்டலத்தோடு வந்தாய். நான் கத்தினேன். "அனலு அவனுக்கும் எனக்கும் ஒண்ணுதாம்மா, ஊடுதான் வேற. உட்டுட்டுப் படி" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

படித்தேன். ஆனால் விடவில்லை. இப்போது இங்கே ஆள் எடுக்கும் நாற்காலி என்னுடையது.

போன மாதம் அந்த ஃபோர்மேன் வந்தார். ரிட்டையராகித் தளர்ந்துவிட்டார். கடைசி மகனுக்கு நிரந்தர வேலை வேண்டுமாம். "தங்கமான மனுசன்மா உங்க நைனா" என்று ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகனைப் பற்றி எதுவும் விசாரிக்காமல் அவரைப் பார்த்தே கேட்டேன்.

"லைனுக்கு எந்தப் பக்கம்?"

அவருக்குப் புரிந்துவிட்டது. தரையைப் பார்த்தபடி, "இந்தப் பக்கம்தாம்மா" என்றார்.

"இந்தப் பக்கத்துக்கு இப்போ காண்ட்ராக்ட்தான் இருக்குது. உலையாண்ட நிக்கணும். ஈரத்துண்டு எடுத்துக்கினு வரச் சொல்லுங்க."

இனித்தது நைனா, பொய் சொல்ல மாட்டேன். காலியாக இருந்த நிரந்தர இடத்தை நம் காலனிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். உன்னைப்போலவே வருடக்கணக்கில் காண்ட்ராக்டில் வெந்தவர்.

காலையில் துண்டு கருகியது அந்த மகனுக்குத்தான். துண்டு நனைக்கும் வாளி அவன் பக்கத்தில் காய்ந்து கிடந்தது. நீ இருந்தால், "பாவம்மா, அந்தப் புள்ள இன்னா பண்ணிச்சு?" என்று கேட்டு நீயே போய் நிரப்பியிருப்பாய். உன் குரல் என் தொண்டை வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.