தகரத்தைக் காப்பாற்ற வந்த படகு

என் வீட்டு அதிகாரிக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறதா?

எதிரியின் ரேடாரை ஏமாற்ற, கப்பல் போலத் தெரியும் தகர மிதவையைப் படகில் இழுத்துப்போவதுதானே என் வேலை! நேற்று மழை மூட்டத்தில் எஞ்சின் நின்றது, கயிறும் அறுந்தது. ஆடினால் படகு, ஆடாவிட்டால் மிதவை என்பது எங்கள் கரை ரேடார்காரர்கள் கணக்கு. லேசான தகரம் காற்றில் ஆடியது. பாரம் ஏற்றிய எங்கள் படகு அசையவில்லை. அவர்கள் சொல்லை நம்பி மீட்க வந்தவர்கள் நேராகத் தகரத்திடம் போய்விட்டார்கள்.

"யோவ், மனுஷங்க இங்க இருக்கோம்யா!" என்று படகோட்டி கத்தினார்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி வந்தார்கள். படகோட்டி அழுதார். எனக்குப் பயமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு அனுப்பு. தபால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். பதிலில் என்னை நன்றாகத் திட்டி எழுது. கோபமாவது வருகிறதா பார்க்கிறேன்.

உன் வீட்டுக்காரன்