பெற்றோரைக் கூட்டி வரச் சொன்ன கல்லூரி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் எல்லோரும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது போனில் உன் குரலைக் கேட்டாலே தெரிகிறது, வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிற ஆளின் குரல் அது, அதனால் தனியாக விசாரிக்கவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரிப்பா, பாத்துக்கலாம்ப்பா, மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அந்த ஒரு வசதிக்காகத்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள், ஆனால் கீழே இருந்தபடியே மாடியில் நடப்பதையெல்லாம் அதட்டுகிறாள். கடையில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு பள்ளி வேன்காரர் தன் எல்லா வண்டிகளின் சீட்டுக்கும் புது உறை கேட்டிருக்கிறார், கடை முழுக்க ரெக்சினும் பஞ்சு மெத்தையும்தான், நான் நடுவில் எங்கேயோ இருக்கிறேன். உன் மகளுக்கு, அதாவது நம் வாலுக்கு, முன்பல் விழுந்துவிட்டது. அதை ஒரு தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரி படிக்கிறாள் என்பது உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். என்ன படிக்கிறாள் என்று போன தடவை அம்மா கேட்டதற்கு "ஏதோ லேப் கோர்ஸ்மா" என்றாயாம். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டோக்கன் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், உள்ளே போய்ப் பரிசோதனை செய்கிற ஆளாக வேண்டும் என்பதற்காகப் படிக்கிறாள். காலையில் அதே நிலையத்தில் டோக்கன், மாலையில் கல்லூரி. படிக்க ஆரம்பித்ததிலிருந்து எங்கள் யாருடைய கையும் எங்களுடையதாக இல்லை. ரப்பர் குழாயை முழங்கைக்கு மேலே கட்டி, இரண்டு விரலால் தடவித் தடவி நரம்பு தேடுகிறாள். ஊசி கிடையாது, தேடுவது மட்டும்தான். என் நரம்பு வெட்கப்படுகிற நரம்பாம், சீக்கிரம் வெளியே வராதாம். அம்மாவுடையது கூப்பிடாமலே வந்து நிற்குமாம், நீ அம்மாவைத் தெரிந்தவன், ஆச்சரியப்பட மாட்டாய். பக்கத்து பஞ்சர் கடைக்காரர் அவள் வருவதைப் பார்த்தாலே முழுக்கை சட்டைக்குப் பொத்தான் போடுகிறார்.

இப்படிப் படிப்பவளுக்கு அந்தக் கல்லூரி செய்கிற உதவியைக் கேள். பிள்ளை குட்டி உள்ளவர்களும் படிக்க வேண்டும் என்று பெரிய மனசு பண்ணி, குழந்தைகளுக்கென்று ஓர் அறை திறந்தார்கள். சுவரில் யானை, தரையில் பச்சைப் பாய், ஓர் ஆடுகுதிரை. திறப்பு விழா அன்று ரிப்பன் இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, கல்லூரி முதல்வர் இருந்தார், போட்டோக்காரர் இருந்தார், குழந்தை மட்டும் இல்லை. ஓடிவந்து நம் வாலைக் கேட்டார்கள். ஆடுகுதிரையில் ஏற்றி, கையில் பலூன் கொடுத்துப் படம் எடுத்து, "குழந்தையோடு வாருங்கள், கவலையின்றிப் படியுங்கள்" என்று கல்லூரி வாசலில் ஆளுயரத்துக்கு ஒட்டிவிட்டார்கள். மறுநாள் மாலை குழந்தையைக் கூட்டிக்கொண்டு நான் போனால் அறை பூட்டியிருக்கிறது. காலை வகுப்பு நடக்கும்போது திறந்திருக்குமாம், மாலை வகுப்பு தொடங்குவதற்குள் பூட்டிவிடுவார்களாம். காலை வகுப்பில் படிப்பவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாதப்பா, அவர்களே பிள்ளைகள். வாலு வாசலில் நின்று தன் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "படத்துல இருக்கிற என்னை மட்டும்தான் உள்ள விடுவாங்களா தாத்தா" என்று கேட்டாள். காவலாளி சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவள் மாலையெல்லாம் என் கடையில்தான். அடுக்கி வைத்த மெத்தைகளின் மேல் ஏறி வீட்டுப்பாடம் எழுதுகிறாள், அங்கேயே தூங்கியும் போகிறாள்.

அது போதாதென்று ஆலோசகர் ஒருவரையும் போட்டிருக்கிறார்கள். வயது வந்த மாணவர்களுக்கு நேரத்தை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக்கொடுக்க ஒரு கூட்டம். விருந்தினர் வர நேரமானதால் கூட்டமே தாமதமாகத்தான் தொடங்கியது, அதற்காக அன்றைய பாடம் ஒன்றையும் விழுங்கிவிட்டார்கள். தினமும் உங்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்றாராம் அந்த அம்மா. பின்வரிசையில் இருந்த ஒரு பேருந்து நடத்துநர், அவரும் மாணவிதான், "எங்கேர்ந்து மேடம்" என்று கேட்டிருக்கிறார். "மனசு வெச்சா முடியும்" என்பது பதில். எல்லோரும் கைதட்டினார்களா என்று உன் வீட்டுக்காரியிடம் கேட்டேன், கைதட்டவும் நேரமில்லை மாமா, பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம் என்றாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டோம். அதற்குப் பிறகுதான் வாலுக்குக் காய்ச்சல் வந்தது. அது உனக்குத் தெரியும், வீடியோவில் பார்த்து "ஐயோ பாவம்" என்றாய். அந்த நாட்களில் உன் வீட்டுக்காரியால் செய்முறை வகுப்புக்குப் போக முடியவில்லை, வருகை குறைந்துவிட்டது. செய்முறை முடிக்காவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது, தேர்வு எழுதாவிட்டால் அந்த வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும். விட்டதை விடுமுறை நாட்களில் செய்து முடிக்கிறேன் என்று துறைத்தலைவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா, "பேரண்ட்ஸைக் கூட்டிட்டு வாம்மா" என்றாராம். முப்பதைத் தாண்டியவள், பல் விழுந்த பிள்ளைக்குத் தாய், அவள் போய்ப் பெற்றோரைக் கூட்டி வர வேண்டுமாம். பதினெட்டு வயதுப் பையன்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், ஆளைப் பார்க்காமலே சொல்லிவிட்டது. அவளைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லை என்பதால் நான் கிளம்பினேன். வேடிக்கை என்னவென்றால் அன்று காலையில்தான் வாலுடைய பள்ளிக்கூடத்திலும் பெற்றோர் கூட்டம். காலையில் ஒரு டீச்சருக்கு முன்னால் பெற்றோராக நாற்காலியில் உட்கார்ந்தவள், மாலையில் இன்னொருவர் முன்னால் பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாற்காலி எனக்குத்தான் போட்டார்கள். துறைத்தலைவர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியின் உறை ஓரத்தில் கிழிந்து மெத்தை எட்டிப் பார்த்தது, தொழில் புத்தி, கண் அங்கேயே போனது, வாயை அடக்கிக்கொண்டேன்.

பத்து நிமிடம் எனக்குக் குடும்பம் என்றால் என்ன, பொறுப்பு என்றால் என்ன என்று பாடம் எடுத்தார். அவள் அங்கே நிற்பதே தெரியாத மாதிரி "இவங்க", "இவங்களுக்கு" என்று என்னிடமே பேசினார். பிறகு சாவகாசமாக ஒன்று சொன்னார். சேரும்போது கொடுத்த தாளில் பாதுகாவலர் என்ற இடத்தில் கணவர் பெயர் இருந்ததால் உன்னைப் போனில் கூப்பிட்டாராம். "அவரே சொல்லிட்டாரே சார், வீட்ல குழந்தைக்குக் கஷ்டம்னா நிறுத்திடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு. அதனால பேரை எடுத்துடலாம்னு இருக்கோம்" என்றார். ஆட்சேபணை இல்லையாம். என்ன தாராளம். அவளுடைய இரண்டு வருட உழைப்பை, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவில், ஆட்சேபணை இல்லாமல் தாரை வார்த்துவிட்டாய். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அவளுக்கு விஷயம் தெரிந்ததே அந்த அறையில், அவர் வாயால், என் எதிரில். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழுவாள் என்றுதான் துறைத்தலைவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது, தண்ணீர் டம்ளரை நகர்த்திக்கூட வைத்தார். அவள் அழவில்லை. "அவரு உங்க காலேஜ்ல படிக்கிறாரா சார்" என்று கேட்டாள். அவர் திருதிருவென்று விழித்தார். "படிக்கிறது நான். நிறுத்தணும்னா நான் சொல்லணும். நான் சொல்லல" என்றாள். சரி, அப்படியானால் மீதிச் செய்முறையை முடித்துத் தருவதாகப் பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை என் பக்கம் தள்ளினார். நான் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவள் தாளை எடுத்துத் தானே கையெழுத்துப் போட்டுவிட்டாள். மாணவி அந்த இடத்தில் போடக்கூடாது, செல்லாது என்றார் அவர். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. பெற்றோரைக் கூட்டி வா என்றீர்கள், வந்திருக்கிறேன், பெற்றோருக்கு இங்கே மதிப்பு உண்டென்றால் பெற்றோர் சொல்கிறேன், அவள் கையெழுத்தே போதும், மதிப்பு இல்லையென்றால் கடையைப் பூட்டிவிட்டு என்னை எதற்கு வரவழைத்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். அவள் கஷ்டப்படுகிறாளே என்று பார்த்துத்தான் சொன்னேன் என்பாய். அவள் கஷ்டத்தை உனக்குப் பார்க்கத் தெரிகிறது, அவள் மூட்டையில் ஒரு பக்கத்தைப் பிடிக்கத்தான் தெரியவில்லை. கஷ்டப்படுகிறாள் என்றால் லீவு போட்டு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள உனக்குத் தோன்றாதா, படிப்பை நிறுத்துவதுதான் தோன்றுமா. உன் படிப்புக்காக உன் அம்மா ஒரு வருடம் டிவியைப் போடவில்லை, வீட்டில் யாரையும் சத்தமாகத் தும்ம விடவில்லை, அப்போது யாரும் உன்னை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கல்லூரிக்காரர்களைத் திட்டித் தீர்க்கிறேனே, அவர்களாவது வேற்று மனிதர்கள். நீயும் அந்த அறை மாதிரித்தான் இருக்கிறாய், சுவரில் யானையெல்லாம் அழகாக இருக்கிறது, வேண்டிய நேரத்தில் பூட்டியிருக்கிறது.

இவ்வளவும் நடந்து நாளாகிவிட்டது. நீ தினமும் போன் செய்கிறாய். துறைத்தலைவரிடம் பேசியதை நீ அவளிடம் சொல்லவில்லை, தனக்குத் தெரியும் என்று அவளும் உன்னிடம் சொல்லவில்லை. சாப்பிட்டாயா, அங்கே மழையா, குழந்தை தூங்கிவிட்டாளா, இவ்வளவுதான் பேச்சு. வீட்டில் நிம்மதி என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். போன வாரம் மீதிச் செய்முறை எல்லாவற்றையும் முடித்துவிட்டாள், தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டது. அன்று கடைக்கு வந்து சொன்னாள், ரெக்சின் தூசியோடு நான் அவள் தலையில் கை வைத்தேன், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே யாரையோ அதட்டினாள். வாலு மெத்தை மேல் நின்று குதித்து, "அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லலாம்மா" என்றாள். அதற்கு உன் வீட்டுக்காரி, "அப்பாவுக்கு எதுக்குடா, அவருக்கு வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லையப்பா. கடைக்காரரிடம் சில்லறை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன், நீங்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வீர்கள் என்று விட்டிருப்பேன்.

அடுத்த மாதம் தேர்வு. அந்த வாரம் வேன்காரருடைய வேலையும் கழுத்தைப் பிடிக்கும், அம்மாவின் முழங்காலை நம்ப முடியாது. லீவு கேள். கொடுக்க மாட்டேன் என்றால் இன்னொரு தடவை கேள், அதற்காவது உன் வாயைப் பயன்படுத்து. துறைத்தலைவரைக் கூப்பிடாதே, எனக்கும் சமாதானம் எழுதாதே. அவளைக் கூப்பிட்டு, தேர்வில் என்னென்ன பாடம் என்று கேள். அவள் கோபப்பட்டால் உனக்கு நல்ல காலம். ஒன்றும் இல்லை, நீங்க வேலையைப் பாருங்க என்றாளானால் போனை வைத்துவிட்டு டிக்கெட் எடு.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லா நன்மையும் உனக்குக் கிடைக்கட்டும், புத்தியும் சேர்ந்து கிடைக்கட்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். நான் எழுதியது அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் எதற்கு மாமா என்று கேட்பாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதை நீதான் வந்து சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா