படத்தில் நிற்பது நான்தான்

என் அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் இறைவன் கருணையால் நலம், அத்தாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அதையும் நலத்திலேயே சேர்த்து எழுது என்கிறார். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல் இருக்க துஆ செய்கிறேன். எல்லாவற்றையும் போனிலேயே பேசுகிறவள் எதற்குத் திடீரென்று கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் சிரிப்பாய், இல்லாவிட்டால் அம்மா மீட்டிங் இருக்கு அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய். இது முழுக்கக் கேட்க வேண்டிய கதை, அதனால் பேனாவைப் பிடித்தேன்.

வருஷா வருஷம் நீ ஏழைகளுக்குச் சேர வேண்டிய ஜகாத்தை அந்த உலக உதவி நிறுவனத்துக்கு அனுப்புகிறாய், அரிசியும் எண்ணெயும் வாங்குகிறவர்களை அவர்கள் உனக்குப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், பாரும்மா நம்ம ஜகாத் எங்கெல்லாம் போகுது என்று நீ எனக்கு அனுப்புகிறாய். உன் அத்தா அதை விரலால் பெரிதாக்கி, எண்ணெய் பாட்டில் என்ன கம்பெனி என்று பார்ப்பார், அதோடு சரி. இந்தத் தடவை அவர்கள் லாரி நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கே வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் உனக்கு வரப்போகிற படங்களில் ஒன்றில், முக்காடு கோணலாக, அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குடியே முழுகிப்போன மாதிரி ஒருத்தி நிற்பாள். ஆபீஸில் அலறிவிடாதே, அது நான்தான்.

நமக்குச் சோற்றுக்கு ஒன்றும் பஞ்சமில்லை, பயப்படாதே. கீழ்வீட்டுக்கு நீ போன பிறகு ஒரு டீச்சர் குடிவந்தாள் என்று சொல்லியிருந்தேனே, இது அவள் விஷயம். தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் முன்னறையில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் வயர்மேன், ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறார். அன்றைக்குச் சர்க்கரை கேட்கப் போனேன், டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுச் சிரித்தாள். நாமே கொடுத்தால் என்ன என்பாய். கொடுத்துப் பார்த்தேன், நான் தட்டில் வைத்து அனுப்பியதைவிட அதிகமாக வைத்துத் தட்டைத் திருப்பி அனுப்புகிறாள், இவளோடு போட்டி போட்டால் அவள் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். பள்ளிவாசல் செயலாளர்தான் யாருக்கும் தெரியாமல் ஒரு டோக்கன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தனியாகப் போகக் கூச்சமா இருக்குக்கா, துணைக்கு வாங்க என்றாள், போனேன்.

அங்கே போனால் கல்யாண மண்டபம் தோற்றது. வீடகலத்துக்கு ஒரு பேனர், அதன் முன்னால் கேமராவோடு ஒரு தம்பி. மூட்டையைக் கையில் கொடுத்து, பேனருக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். மதில் மேல் பார்த்தால் டீச்சரிடம் படிக்கிற வானரங்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன. அவள் என் கையைப் பிடித்து இழுக்கிறாள். அக்கா வேணாம், வாங்க போயிடலாம் என்கிறாள். நான் அந்தத் தம்பியிடம் போய்ப் படம் இல்லாமல் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். குடுக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணும்லம்மா என்றான், பணிவாகத்தான் சொன்னான். அவன் சொல்கிற ஆள் நீதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள், இங்கே மாடு கொடுக்கிறவர்கள் வாங்குகிறவள் பல்லை அல்லவா பார்க்கிறார்கள்! டோக்கனில் பெயர் இல்லை, நம்பர்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு, நீ கேட்டுக்கு வெளியே நில்லு என்று அவளை விரட்டிவிட்டு நான் வரிசையில் நின்றேன்.

அந்தத் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான், பட்டினியிலேயே ஊதிய உடம்பு என்று நினைத்திருப்பான். வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று கேட்டான். படுத்த படுக்கை என்றேன். அது பொய்யில்லை, அந்த நேரத்தில் உன் அத்தா சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டுதான் இருந்தார். பிள்ளைங்க என்று கேட்டான். டீச்சருக்குப் பிள்ளை இல்லை, அதனால் இல்லை என்றேன். இறைவன் மன்னிக்கட்டும், நீயும் மன்னித்துக்கொள். அப்புறம் கொஞ்சம் சோகமா பாருங்கம்மா என்றான். எனக்கோ மதில் மேல் இருந்த வாண்டுகளைப் பார்த்துச் சிரிப்பு முட்டுகிறது, சோகத்துக்கு நான் எங்கே போவேன். போன தடவை நீ கிளம்பும்போது டாக்சிக் கண்ணாடியை இறக்கிக் கையாட்டுவாய் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தேன், நீ போனில் பேசிக்கொண்டே போய்விட்டாய். அது ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. அதுதாம்மா, அப்படியே இருங்க என்று படத்தைத் தட்டிவிட்டான்.

மூட்டை அன்றைக்கே டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டது. மனசு கேட்காமல் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் போய், நான் வாங்கினது குற்றமா, கொடுத்தவர்களுக்கு ஜகாத் நிறைவேறுமா என்று கேட்டேன். போக வேண்டிய இடத்துக்குப் போயிடுச்சு, நிறைவேறிடும், ஆனா பொய் சொன்னதுக்கு நீங்கதான் அழுது துஆ கேட்கணும் என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். உன் அத்தாதான் தன்னைப் படுக்கையில் போட்டதற்காக இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, வீடு நிம்மதியாக இருந்தது.

இப்போது உனக்கு ஒரு வேலை. லாரி அடுத்த மாதமும் வருகிறது, டீச்சருக்கு டோக்கனும் உண்டு. இதே மூஞ்சியை இரண்டாம் தடவை காட்டினால் என்னைப் பிடித்துவிடுவார்கள், படத்துக்கு நிற்க வேண்டுமென்றால் அவள் பட்டினி கிடந்தாலும் கிடப்பாளே தவிர வரமாட்டாள். கொடுப்பதை நிறுத்தாதே, அவர்கள் நல்ல பிள்ளைகள், கொளுத்தும் வெயிலில் மூட்டை தூக்குகிறார்கள். ஆனால் எனக்குப் படம் வேண்டாம், சாமான் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவர்களுக்கு எழுது. உன் சிநேகிதிகளையும் எழுதச் சொல். வலது கை கொடுப்பது இடது கைக்கே தெரியக் கூடாது என்கிற மார்க்கத்தில் பிறந்துவிட்டு நாம் ஊரைக் கூட்டிப் படம் காட்ட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். இறைவன் உங்கள் கையை எப்போதும் கொடுக்கிற கையாகவே வைத்திருக்கட்டும். என் படம் வந்தால் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அழித்துவிடு. நான் நன்றாக நடித்தேன் என்று டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை வந்துவிட்டுப் போகும்போது கண்ணாடியை இறக்க மறக்காதே.

இப்படிக்கு,
பிள்ளை பெற்றவளாகிய உன் அம்மா