வாயைத் திறந்தபடி வேணாம் சொல்வது எப்படி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

புழுக்கம். சபையில் ஃபேன் பெயருக்குச் சுற்றல்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பிரசங்கத்தில் கொட்டாவி விட்டேன். திறந்த வாய் மூடவில்லை. பாஸ்டர் எரேமியாவில் இருந்தார், நான் மத்தியானக் கறிக்குழம்பில் இருந்தேன். காதுக்கு முன்னால் டக் என்று ஒரு சத்தம். கீழ்த்தாடை இறங்கியது இறங்கியதுதான். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரை 'தேவா' என்று கூப்பிட்டேன். வந்தது 'ஏ... ஆ...'. எச்சில் ஒழுகல். கண்ணில் தண்ணீர். முன்வரிசை திரும்பிப் பார்த்து ஸ்தோத்திரம் என்றது, பின்வரிசை அல்லேலூயா. ஆவி இறங்கி அந்நிய பாஷை பேசுகிறேனாம். பக்கத்தில் என் சிநேகிதி ரோசி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. பாஸ்டர் இறங்கி வந்து தலையில் ஒரு கை, முகவாயில் ஒரு கை வைத்து ஜெபித்தார். அவர் அமுக்கியதாலோ தானாகவோ, மறுபடி டக். மூடிக்கொண்டது.

நான் ஒன்றும் மறுக்கவில்லை. கொட்டாவியைவிட அபிஷேகம் கௌரவம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காதுவலி. நாவலூர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் பெண்களை மேய்ப்பது என் உத்தியோகம். முழுக்க வாயால் செய்யும் வேலை. இன்று எல்லாம் சைகை. பெண்கள் முகத்தில் பண்டிகைக் களை. வீட்டிலும் அப்படித்தான். "இன்னா, வூடு இவ்ளோ அமைதியா கீது, கரண்ட்டு போச்சா?" என்றார் தேவா.

பக்கத்து வீட்டு அக்கா காதில் பூண்டு எண்ணெய் விட்டாள். வலி போகவில்லை. தலையணை முழுக்க ரசவாசனை.

ஆகஸ்ட் 7, புதன்

கேளம்பாக்கம் பல் டாக்டர். சின்னப் பெண். காதில் ஒன்றுமில்லையாம், தாடை மூட்டாம். என் விரலையே காதுக்கு முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னாள். பழைய இரும்பு கேட் மாதிரி நறநற. மூட்டுக் குமிழ் குழியை விட்டு முன்னால் தாண்டி, திரும்பி வர வழி தெரியாமல் நின்றிருக்கிறது.

சொன்னவை: முறுக்கு, பாக்கு, கறி எலும்பு கூடாது (பிறகு எதற்கு ஞாயிறு). வெந்நீர் ஒத்தடம். சும்மா இருக்கும்போது உதடு ஒட்டணும், பல் ஒட்டக்கூடாது. கொட்டாவி வந்தால் முஷ்டியை முகவாய்க்கு அடியில் கொடுத்து அடக்கணும்.

ராத்திரி பல்லைக் கடிப்பீர்களா, மனதில் ஏதாவது போட்டு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். தேவா முந்திக்கொண்டார். "அது எதையும் உள்ள வச்சிக்காதும்மா. ஷேர் ஆட்டோ எறங்கறதுக்குள்ள ஊருக்கே சொல்லிடும்."

உண்மை. கோபம் வந்தது. பல் ஒட்டக்கூடாதே, விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ரோசி திருவிடந்தையிலிருந்து கஞ்சி கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதம். கருப்பையில் கட்டி, மாதக்கணக்கில் ரத்தப்போக்கு. வரும் திங்கள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், ஆபரேஷன்.

"நான் போவப் போறதில்லடி. கர்த்தர் ஒன் வாயாலயே சொல்ட்டாரு."

இன்னான்னு, என்றேன்.

"வேணாம்னு. தெளிவா கேட்டேன். வேணாம், வேணாம்."

முகம் அவ்வளவு லேசாக இருந்தது. இத்தனை மாதத்தில் இப்படிப் பார்க்கவில்லை. அடியே அது கொட்டாவி என்பது நாக்கு நுனி வரை வந்தது. கஞ்சியோடு சேர்த்து விழுங்கினேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் தாடை கருங்கல். ராத்திரி முழுக்க எலி வேர்க்கடலை தின்ற சத்தமாம், தேவா புகார். டாக்டர் கேட்டபோது மனதில் ஒன்றுமில்லை. இப்போது இருக்கிறது.

ரோசி மகள் போன். ரத்தம் போய்க்கினே கீது, மாடி ஏறினா மயக்கம் வருது, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க அத்தே என்கிறாள். சொன்னால் சபையில் என் மானம் போகும். ரோசி முகத்தில் அந்த லேசும் போகும். சொல்லாவிட்டால் (இதை எழுத வேண்டாம்).

ஆகஸ்ட் 10, சனி

தூறல். கண்ணாடி முன்னால் தாடைப் பயிற்சி. வாயைத் திறந்தபடியே, மன்னிச்சிக்கடி, அது கொட்டாவி என்று ரோசிக்குச் சொல்ல ஒத்திகை. 'ம' வரவில்லை. உதடு சேராமல் ம எப்படி வரும்? 'வ'வும் வரவில்லை, பல் உதட்டைத் தொட வேண்டும்.

அப்படியே நின்றேன். திறந்த வாயில் வேணாம் வராது.

புடவையை மாற்றிக்கொண்டு பஸ். ரோசியை எதிரே உட்காரவைத்தேன். அது கொட்டாவிதான், தேவாவைத்தான் கூப்பிட்டேன் என்றேன். நம்பவில்லை. வாயைப் பொளந்துக்கோ, மூடாமல் வேணாம் சொல்லு என்றேன். 'ஏணா' என்றாள். நானும் திறந்து காட்டினேன். இரண்டு பேரும் எதிரெதிரே 'ஏணா, ஏணா'. மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரோசிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் நின்றுவிட்டது.

"அப்ப அன்னிக்கி வேணாம்னது ஆரு?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"எங்கக்கா இதே ஆபரேஷனுக்குப் போனவ திரும்பி வரல. பயமா கீதுடி."

நான் கூட வரேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டக்.

இந்தத் தடவை மூடவே இல்லை. ஆட்டோவில் செங்கல்பட்டு. மூச்சு வாங்கிக்கொண்டே ரோசி என் எச்சிலைத் துண்டால் துடைத்தாள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் மெல்லப் போ நைனா என்று டிரைவரிடம் அதட்டல். டூட்டி டாக்டர் கட்டைவிரல்களில் துணி சுற்றி, கடைவாய்ப் பல்லில் வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். குழிக்குள் விழுந்தது. முகவாயிலிருந்து உச்சி வரை கட்டு.

திரும்பிப் பார்த்தால் ரோசி இல்லை. பெண்கள் வார்டில், திங்கக்கெழமை வரச் சொன்னாங்க, இப்பவே படுத்துக்கட்டுமா என்று நர்ஸிடம் விசாரணை. வெளுத்த கண்ணைப் பார்த்ததும் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் ரத்தம் ஏற்றணுமாம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. கட்டி தேங்காய் அளவு என்கிறாள் மகள். நான் வெளியே பெஞ்சில். உதடு ஒட்டி, பல் ஒட்டாமல். கண் விழித்ததும் டீ கேட்டாளாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மேகமூட்டம். ரோசி சபையில் சாட்சி சொன்னாள். கொட்டாவி பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மொத தரம் நான் தப்பா புரிஞ்சிக்கினேன். அதான் கர்த்தர் அவ வாய ரெண்டாந்தரமும் தொறந்து, என்னை ஆஸ்பத்திரிக்கே இட்டுகினு போனாரு."

சபை முழுக்கக் கைதட்டல். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

கொட்டாவி வந்தது. முஷ்டியை முகவாய்க்கு அடியில் கொடுத்து அடக்கினேன்.