தலைவரைத் திட்ட ஓர் ஆள்

மே 27

தேர்தல் முடிவு வந்து நான்கு நாள். கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறேன். ‘வெற்றி தந்த மக்களுக்கு நன்றி’ என்று முன்கூட்டியே அடித்து வைத்த போஸ்டர் கட்டுகள் மாடிப்படி வரை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. அச்சடிக்கச் சொன்னது எவன் என்று கேட்டால் ஆளாளுக்குக் கூரையைப் பார்க்கிறார்கள்.

தலைவர் ராஜினாமா செய்துவிட்டார். அந்தக் கடிதத்தை வாசிக்கும்போது பொருளாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த ஆளுக்கு விளக்கெண்ணெய் என்று பெயர் வைத்ததே நான்தான். இனி அவர்தான் தற்காலிகத் தலைவராம். வழவழவென்று நாட்டையே ஆண்டுவிடுவார்.

மே 30

தோல்வி பற்றிய ஆய்வுக் கூட்டம். இளைஞர் அணிச் செயலாளர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தோற்ற காரணங்களைச் சிவப்பு, பச்சை என்று கம்பி கம்பியாகக் காட்டினான். ஒரு கம்பி நானாம்.

“அண்ணன் மேடையில திட்டுற திட்டு ஜனங்கள முகம் சுளிக்க வைக்குது.”

“தம்பி, நீ நின்ன தொகுதிக்கு நான் பேசவே வரலியே. அங்க ஏன் மண்ணக் கவ்வினே?”

அறையே சிரித்தது. விளக்கெண்ணெய் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஜூன் 3

நான் ஆறு மாதம் மேடை ஏறக் கூடாது. இனி ‘கண்ணியமான அரசியல்’ செய்யப்போகிறார்களாம்.

இருபத்தாறு வருடம் எதிர்க்கட்சிக்காரன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவன் நான். மழையில் நனைந்துகொண்டு ஜனம் நின்று கேட்டதே, அது என் பேச்சைத்தானே? அப்போது கண்ணியம் எங்கே போயிருந்தது? நன்றி கெட்டவன்கள். என் தொண்டையில் ஏறி உட்கார்ந்து பதவி வாங்கினவன்கள்.

“வீட்டுலயாவது அந்த வாய் கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்” என்றாள் மனைவி.

ஜூன் 4

ஓயவில்லை. பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், தொலைக்காட்சி — மூன்று பேருடனும் சண்டை.

ஜூன் 14

கண்ணியமான கூட்டம் நடந்தது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். இளைஞர் அணிச் செயலாளர் திரையில் படம் போட்டுப் பொருளாதாரம் பேசினான். கேட்டவர்களைவிட நாற்காலிகள் அதிகம். முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். அவர் மாவட்டச் செயலாளர்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன். என் கட்சிக் கூட்டம்தானே? வயிறு எரிய வேண்டியவன் நான் ஏன் சிரித்தேன்?

ஜூன் 19

விளக்கெண்ணெயும் இளைஞர் அணிச் செயலாளரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். இளைஞர் அணியில் பாதிப் பேர் பிரிந்து போய்த் தனிக்கட்சி தொடங்கப்போகிறார்களாம். பழைய தலைவர்தான் இன்னும் பின்னாலிருந்து கட்சியை ஆட்டிவைக்கிறார் என்று அவர்களுக்குச் சந்தேகம்.

“நீங்க அவரோட ஆளுன்னு ஊருக்கே தெரியும்” என்றார் விளக்கெண்ணெய். “நீங்களே மேடையேறி அவரைக் கிழிச்சாத்தான் கட்சி மாறிடுச்சுன்னு நம்புவாங்க. போறவங்க நின்னுடுவாங்க. தடையையும் எடுத்துடலாம். கொள்கை பரப்புச் செயலாளர் பதவி காலியாத்தானே கிடக்கு?”

“அண்ணன் பேசினா கூட்டம் வரும்ணே” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான் மற்றவன். அந்தக் கம்பி எங்கேடா போச்சு என்று கேட்டிருக்கலாம்.

வெளியே போங்கடா என்று கத்தினேன். போனார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே, “மேடை இருபத்தெட்டாம் தேதி” என்றார் விளக்கெண்ணெய். நாய்க்கு எலும்பைக் காட்டுவது போல.

ஜூன் 21

தலைவரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் கொதித்துப்போவார், இரண்டு பேருமாக அந்தப் பயல்களைத் திட்டித் தீர்க்கலாம் என்ற நினைப்பு. அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். “சித்தப்பா, சர்க்கரை கம்மியாப் போட்டிருக்கேன்” என்றாள். புருஷன் வீடு வேண்டாம் என்று அவள் வந்து இரண்டு வருடமாகிறது. அவளையும் அவள் பெட்டிகளையும் என் காரில்தான் ஏற்றிவந்தோம்.

தலைவர் கொதிக்கவில்லை. “திட்டு” என்றார்.

“என்ன சொல்றீங்க?”

“என்னத் திட்டித்தான் கட்சி ஒண்ணா இருக்கும்னா திட்டு. கூட்டணி பேச வந்தவங்கள வாசல்ல காக்க வெச்சேன், அதச் சொல்லு. ஹெலிகாப்டர்ல வந்து கைய ஆட்டிட்டுப் போனேன், அதச் சொல்லு. எல்லாம் நெசம்தானே? பாதி மனசோட திட்டாதே. கண்டுபிடிச்சுடுவாங்க.”

எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்தி மூச்சு விடுவது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு பெருந்தன்மையை எவன் கேட்டான்?

ஜூன் 28

கூட்டம் தெருமுனை தாண்டி நின்றது. பிரிந்து போகிறேன் என்ற கும்பல் கைகட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தது. வாசல் விஷயத்தைச் சொன்னேன், கட்டிய கை அவிழ்ந்தது. ஹெலிகாப்டரைச் சொன்னேன், விசில் பறந்தது. ஒலிபெருக்கியில் என் குரலை நானே கேட்கிறேன்... எவ்வளவு நாளாயிற்று! பட்டியல் முடிந்துவிட்டது. கூட்டம் இன்னும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்கிற முகங்கள்.

சொல்லிவிட்டேன்.

“பெத்த பொண்ண ஒரு வீட்டுல வாழ வெக்கத் தெரியல, இவரு நாட்ட வாழ வெக்கப் போறாராம்!”

கூட்டம் குலுங்கியது. இளைஞர் அணிச் செயலாளர் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். பொருளாளருக்கு இன்று நிஜமாகவே கண்ணில் நீர், சிரித்து சிரித்து.

மனைவி நேரலையில் பார்த்திருக்கிறாள். கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 29

காலையில் தலைவரே கூப்பிட்டார். “நல்லாப் பேசினே. பசங்க யாரும் போகலியாமே. நல்லது.” “பொண்ணு விஷயம் நாம பேசினதுல இல்லையேப்பா” என்றார். என்னமோ கணக்கில் விட்டுப்போனதைக் கேட்கிற குரல்.

“ஃப்ளோவுல வந்துடுச்சுங்க, தலைவரே. வாய் தவறி...” என்றேன். வாய் தவறவே இல்லை. எனக்குத் தெரியும். கைதட்டு வரும் என்று தெரிந்துதான் சொன்னேன். சொல்வதற்கு முன்பு, நல்லா விழும் என்று தோன்றியது. நான் என்ன மனுஷன்?

ஜூலை 6

பதவிக் கடிதம் வந்தது.

ஆகஸ்ட் 9

உள்ளாட்சி இடைத்தேர்தலில் ஒன்பதில் ஆறு இடம் நமக்கு. இரண்டு கோஷ்டியும் ஒரே வண்டியில் ஊர்வலம் வந்தன. கட்சி எழுந்துவிட்டது என்று எல்லாச் செய்தியிலும் சொல்கிறார்கள். போகிற ஊரெல்லாம் அந்த ஒரு வரியைத்தான் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். ஒரு ஊரிலும் சொல்லவில்லை. அதற்காக எனக்கு யாரும் மாலை போடப்போவதில்லை.

தலைவரிடம் வெற்றிச் செய்தியைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவர் கைப்பேசியை எடுக்கவில்லை. வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தேன். அவர் மகள்தான் எடுத்தாள். என் பெயரைச் சொன்னேன்.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. “யாரும்மா?”

“ராங் நம்பர்ப்பா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.