பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது

மதியம் சாப்பிட்டு முடித்ததும் உன் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தேன். காய்ந்த பாக்கின் வாடை. வெற்றிலை போடாத மனுஷனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பாய். சும்மாதான். சுசீந்திரத்து வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் நான் செய்கிற சும்மா காரியங்களில் இதுவும் ஒன்று.

மார்கழித் தேருக்கு மகள் சிங்கப்பூரிலிருந்து வந்தபோதுதான் பேத்தியை முதன்முதலாகக் கையில் வாங்கினாய். பார்க்க வந்த சொந்தங்கள் வழக்கம்போலச் சாடை சொன்னார்கள். கண் அப்பா, மூக்கு அப்பா, முடியும் அப்பா. ஜாவாக்கார மருமகன் கூச்சத்தோடு சிரித்தார். எல்லோரும் போனபிறகு என்னிடம் கேட்டாய்: "எங்கிட்ட இருந்து பிள்ளைக்கு ஒண்ணுமே போவல்லியா?"

மகளின் ஆராய்ச்சியே பழைய மனிதர்களின் பயணம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கூட்டத்தில் சிலர் நம் பக்கம் தங்க, மற்றவர்கள் கிழக்கே நடந்தார்களாம். வெகுகாலம் கழித்துத் தென்சீனப் பக்கமிருந்து நெல்லோடு வந்தவர்கள் அவர்களோடு கலந்தார்களாம். மருமகனின் முன்னோர் அப்படி வந்தவர்கள். நெல் என்றதும், அப்படியானால் நம்ம ஆட்கள்தான் என்று சொல்லிவிட்டாய். உன் கேள்வி மட்டும் தீரவில்லை. மரபணுவைச் சோதித்துப் பார்க்க மகள் உன் எச்சிலைக் கேட்டாள்.

அரைமணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றாள். நீ காப்பிகூடக் குடிக்கவில்லை. ஆனால் அவள் நீட்டிய குழாயில் விழுந்தது செக்கச்செவேல் என்று இருந்தது. மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வெத்தில போட்டது தின்ன கணக்குலயா வரும்?" என்றாய்.

அது உதவாது, வேறு குழாயும் கையில் இல்லை, அடுத்த தடவை எடுக்கலாம் என்றாள். அதற்குள் நீ போய்விட்டாய்.

நேற்று போனில் இதைச் சொல்லி அவளிடம் வருத்தப்பட்டேன். "அம்மைக்க எச்சில் வேண்டாம் அப்பா. அம்மைக்கது எங்கிட்டயே இருக்கு" என்றாள். தாய் மட்டுமே பிள்ளைக்குத் தரக்கூடிய ஒரு மரபணுக் கூறு உண்டாம். உன் அம்மை உனக்குத் தந்தது, நீ மகளுக்கு, அவள் பேத்திக்கு. மாமன் சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழியில் நம் முன்னோர் உரிமை சொன்னதும் தாயை வைத்துத்தானே. அன்று கிழக்கே போகாமல் இங்கே தங்கிய ஏதோ ஒருத்தியுடையது, இப்போது உன் பேத்தியோடு கடல் தாண்டியிருக்கிறது.

சந்தோஷத்தில், எனக்கும் அதில் பங்கு உண்டா என்று கேட்டேன். நீ என் அத்தை மகளல்லவா. அத்தை என் அப்பா வழி, இது தாய் வழி, எனக்கு என் அம்மை கொடுத்தது மட்டும்தான் என்றாள் மகள்.

ஆயுள் முழுக்க ஒரே வீட்டில் இருந்தும், உன் வழி என் உடம்பில் இல்லை. அது பிள்ளைக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது உன் கேள்விக்கான பதில் மட்டும். அதைச் சொல்ல அடுக்களை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.