பள்ளிக்குப் போன பேரீச்சம்பழம்

நோன்பு 11, வியாழன்

காலையிலிருந்து வானம் மப்பு, மழை இல்லை. சம்பல் இடித்தது, உடுப்புத் துவைத்தது. பின்னேரம் நோன்பு திறக்கப் பாங்கு கேட்டதும் என் வீட்டுக்காரர் வழக்கம்போலப் பார்க்காமலே ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். உள்ளே கண்ணாடித் துண்டு. நாக்கு கிழிந்து ஒரே இரத்தம். ஆஸ்பத்திரி, தையல்.

அந்தப் பக்கட், எனக்கு மூத்த, கூடப்பிறந்த காக்காவின் கடையில் வாங்கியது. பக்கட் போட்ட கம்பனிக்குக் கோல் எடுத்தேன். "உங்கட வீட்டுல ஏதும் உடைஞ்சிருக்கும் மிஸ்." மிஸ்ஸாம்! வாயில் வந்ததையெல்லாம் ஏசினேன்.

நோன்பு 12, வெள்ளி

இவருக்கு நோன்பு இல்லை, பேச்சும் இல்லை. கையால் சைகை. ஆறின கஞ்சி மட்டும்.

ஃபோனில் செய்தி. வேறு ஊர்களிலும் கண்ணாடியாம். அந்தப் பக்கட் எல்லாவற்றையும் கம்பனி திருப்பி எடுக்கிறதாம். "சிரமத்துக்கு வருந்துகிறோம்." சிரமம்! வந்து இவர் நாக்கைப் பார்க்கட்டும்.

காக்காவிடம் சொன்னேன். "ஓம் புள்ள, கடையில இருந்து எல்லாத்தையும் எடுத்திட்டன்." அப்பாடா.

நோன்பு 13, சனி

அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்குக் கஞ்சி எடுக்கப் போனேன். கஞ்சியோடு ஆளுக்கொரு பக்கட். அதே பக்கட்! பாங்கு சொல்கிற மோதினாரைக் கேட்டேன்.

"உங்கட காக்காதான் சதக்காவா, சும்மா குடுக்கச் சொல்லி அனுப்பின. அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்."

ஸ்பீக்கரில் சொல்லுங்கள், எல்லாரும் திருப்பிக் கொண்டு வரட்டும் என்றேன்.

"கடைப் பேரச் சொல்லாமச் சொல்லுவமே..."

"பேரோட சொல்லுங்க. இல்லாட்டி மைக்க எனக்கிட்டத் தாங்க."

சொன்னார்.

மஃரிப் பாங்குக்கு முன்னமே காக்கா வந்து கத்தல். "ஊருக்குள்ள தலை காட்ட ஏலாமச் செஞ்சிட்டாய்! எறிஞ்சா வீண்தானே? பள்ளிக்குக் குடுத்தா நன்மையாச்சும் கிடைக்கும் எண்டு குடுத்தன். ஒண்டுல இருந்தா எல்லாத்துலயும் இருக்குமா?"

இவர் கதவடியில் நின்றார். பதில் சொல்ல நாக்கு இல்லை. நன்மையாம். கண்ணாடியைக் கொடுத்து நன்மை.

பாங்கு சொல்லிவிட்டது. நோன்பு திறக்கிற நேரத்தில் வந்த ஆளை வெறும் வாயோடு விட முடியுமா? பள்ளியில் எனக்குத் தந்த பக்கட்டை உடைத்துத் தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தேன். தண்ணீரும்.

"நீங்க குடுத்ததுதான். திறங்க காக்கா."

தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

தண்ணீரை எடுத்தார்.